முதலில் ஜாவா, அப்புறம் ஏஇஎம்: மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கடைசி செமஸ்டர் எழுதி முடித்த பிள்ளைகள் மே, ஜூன் மாதங்களில் பெற்றோரோடு வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த கோர்ஸில் சேரலாம்?" பெரும்பாலும் முடிவை எடுத்துவிட்டு, ஒப்புதல் வாங்கிப் போகத்தான் வருகிறார்கள். பெங்களூரில் இருக்கும் மாமா மகன் ஏஇஎம் தெரிந்து நல்ல சம்பளம் வாங்குகிறான், ஆகவே இவனுக்கும் ஏஇஎம். பக்கத்து வீட்டுப் பெண் டெஸ்டிங் படித்துச் சென்னைக்குப் போய்விட்டாள், ஆகவே இவளுக்கும் டெஸ்டிங். கூடப் படித்தவர்கள் கூட்டமாகப் போய் ஃபுல் ஸ்டாக்கில் சேர்ந்துவிட்டார்கள், தனியே விட்டுப்போக மனம் வரவில்லை. இதே வீடுகளில் சில வருடங்களுக்கு முன்பு டேட்டா சயின்ஸ் பேச்சாக இருந்தது. பிள்ளைக்கு எது பிடிக்கும், எதில் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது என்ற பேச்சு மட்டும் எந்த வீட்டிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

நீண்ட காலம் ஜாவாவில் வேலை பார்த்தவன் நான். அதிலும் பெரிய நிறுவனங்களின் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள்தான் என் பிழைப்பு. ஒரு வங்கியோ, மருந்துக் கம்பெனியோ, விமான நிறுவனமோ தன் ஆயிரக்கணக்கான இணையப் பக்கங்களையும் ஆவணங்களையும் வைத்து ஆள்கிற மென்பொருள்கள் அவை. சுருக்கமாக சிஎம்எஸ் என்போம். அந்த உலகத்துக்கு இப்போது மதுரையிலிருந்து நேராக ஒரு குறுக்கு வழி இருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த வழிகளை முதலில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும் கற்று பேக்எண்ட் வேலைக்குப் போவது இன்றும் நேரான பாதை. வங்கி, காப்பீடு, டெலிகாம் என்று ஜாவா ஓடாத துறை குறைவு. தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ தன் மென்பொருள்களில் பெருமளவு ஜாவாவையே நம்பியிருக்கிறது. ரியாக்ட் போன்றவற்றைக் கற்று முன்பக்க வேலைக்குப் போவது, செய்ததை உடனே கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஏற்றது. பிஎச்பியும் வேர்ட்பிரஸும் தெரிந்தால் ஊரைவிட்டே போக வேண்டாம். ஜவுளிக்கடை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று மதுரையில் இணையதளம் கேட்காத ஆள் இல்லை. வயதான பெற்றோரை விட்டுப் போக முடியாத பிள்ளைகளுக்கு அது மரியாதையான வாழ்க்கை. அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. டெஸ்டிங்குக்குக் குறை கண்டுபிடிக்கிற கண்ணும், கண்ட குறையைத் தெளிவாக எழுதுகிற கையும் வேண்டும். அவை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

எச்சரிக்க வேண்டியது இன்னொரு வழியைப் பற்றி. ஜாவா சரியாகத் தெரியாத ஒரு பட்டதாரியை மூன்று மாதத்தில் "ஏஇஎம் டெவலப்பர்" ஆக்கிவிடுகிறோம் என்கிற கோர்ஸ். ஏஇஎம் இருக்கும் இடத்தில் லைஃப்ரே என்று போட்டுக்கொள்ளலாம், டாக்குமென்டம் என்று போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு மென்பொருளை, அதன் அடித்தளம் தெரியாமல், முதல் படிப்பாகப் படிப்பதைத்தான் சொல்கிறேன். இன்று மாணவர்களிடம் இதைவிட மிகையாக மதிக்கப்படும் வழி வேறு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஏஇஎம் என்பது அடோபி எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர் என்ற சிஎம்எஸ். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த டே சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் படைப்பு அது. அப்போது அதன் பெயர் சிக்யூ. 2010இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. பெயர் மாறினாலும் அடித்தளத்தில் இருப்பது ஜாவாதான். அப்பாச்சி ஃபெலிக்ஸ், அப்பாச்சி ஸ்லிங், அப்பாச்சி ஜாக்ரேபிட் ஓக் என்ற மூன்று திறந்தமூலத் திட்டங்கள், மூன்றும் ஜாவா. அதாவது அடோபியின் பெயர்ப்பலகைக்குக் கீழே ஓடுவதில் பெரும்பகுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஜாவா நிரல். கோர்ஸ் விளம்பரங்களில் இந்தத் தகவல் வருவதில்லை.

மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுப்பது என்ன? ஒரு கம்போனென்ட் செய்வது, அதற்கு டயலாக் வைப்பது, டெம்ப்ளேட் அமைப்பது, எச்டிஎல் என்ற அதன் டெம்ப்ளேட் மொழியில் சில வரிகள், முடிவில் ஒரு ஸ்லிங் மாடல். இதற்கு எடுத்துக்காட்டாக வைப்பதும் பெரும்பாலும் அடோபியே தன் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் டபிள்யூகேஎன்டி பயிற்சிதான். பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். பக்கம் வருகிறது, படம் வருகிறது, வீட்டில் காட்டினால் எல்லோருக்கும் பெருமை. இதில் எதுவும் தவறான பாடம் இல்லை. ஆனால் வேலையில் ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பது பக்கம் வராத நாளுக்காக. அந்த நாளில் என்ன செய்வது என்று அந்த மூன்று மாதத்தில் ஒரு மணி நேரம்கூடப் பேசப்படுவதில்லை.

பக்கம் வராத நாளில் திரையில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். லேப்டாப்பில் நன்றாக ஓடிய நிரல் சர்வரில் ஏறியதும் "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்" என்று விழும். அல்லது ஃபெலிக்ஸ் கன்சோலில் பண்டில்கள் எனப்படும் நிரல் பொதிகள் எல்லாம் "ஆக்டிவ்" என்று நிற்க, உங்கள் பண்டில் மட்டும் "இன்ஸ்டால்டு" என்ற நிலையைத் தாண்டாமல் கிடக்கும். அல்லது இருக்கிற மெத்தடை இல்லை என்று சொல்லும், "நோ சச் மெத்தட் எரர்". எல்லாவற்றையும்விடப் புதியவர்களை மிரட்டுவது, ஒரு கிளாஸை அதே பெயருள்ள அதே கிளாஸாக மாற்ற முடியாது என்று வரும் "கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்". இந்த நான்குக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: ஜாவா தன் கிளாஸ்களை எப்படி ஏற்றுகிறது என்பதில்.

ஜாவா நிரல் ஓடத் தொடங்கும்போது எல்லா கிளாஸ்களும் ஒரேயடியாக நினைவகத்துக்கு வந்துவிடுவதில்லை. ஒன்று தேவைப்படும்போதுதான் நிரலை ஓட்டும் ஜேவிஎம் அதைத் தேடும். தேடிக் கொண்டுவருவது கிளாஸ் லோடர். அதில் படிநிலை உண்டு. ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களை பூட்ஸ்ட்ராப் லோடர் ஏற்றும். அதற்குக் கீழே ஜாவா 8 வரை எக்ஸ்டென்ஷன் லோடர் இருந்தது. 2017இல் வந்த ஜாவா 9 முதல் அந்த இடத்தில் பிளாட்ஃபார்ம் லோடர். அதற்கும் கீழே நம் நிரலை ஏற்றும் அப்ளிகேஷன் லோடர். ஒரு லோடரிடம் ஏதாவது கிளாஸைக் கேட்டால் அது எடுத்த எடுப்பில் தான் தேடாது. முதலில் தன் பேரன்ட் லோடரைக் கேட்கும். மேலே யாரிடமும் இல்லை என்றால்தான் தன்னிடம் இருப்பதைப் பார்க்கும். 1998இல் ஜேடிகே 1.2 வந்ததிலிருந்து இதுதான் பொது வழக்கம்.

டாம்கேட் போன்ற சர்வர்கள் இந்த வரிசையை வேண்டுமென்றே மாற்றுகின்றன. ஒரே சர்வரில் நான்கு அப்ளிகேஷன்கள் ஓடும். ஒன்றுக்கு ஒரு நூலகத்தின் பழைய பதிப்பு வேண்டும், மற்றொன்றுக்குப் புதியது வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி லோடர் கொடுத்து, ஜாவாவின் அடிப்படை கிளாஸ்கள் போக மற்றவற்றை முதலில் அந்த அப்ளிகேஷனின் வெப்-இன்ஃப் ஃபோல்டரிலேயே தேடச் சொல்கிறார்கள். ஓஎஸ்ஜிஐ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1999இல் சில நிறுவனங்கள் கூடித் தொடங்கிய தரநிலை அது. அதில் ஒவ்வொரு பண்டிலுக்கும் தனி லோடர். எந்தப் பேக்கேஜை வெளியே கொடுக்கிறேன், எதை வெளியிலிருந்து வாங்குகிறேன் என்று ஒவ்வொரு பண்டிலும் தன் மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். கேட்டது கிடைக்காவிட்டால் பண்டில் எழுந்திருக்காது. மேலே சொன்ன "இன்ஸ்டால்டு" நிலை இதுதான். ஏஇஎம் முழுவதும் இந்த அமைப்பின் மேல்தான் நிற்கிறது. 2016இல் வந்த லைஃப்ரே 7-உம் இதற்குள் வந்துவிட்டது.

ஒரே பெயருள்ள கிளாஸ் எப்படி வேறு கிளாஸ் ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மதுரையில் மீனாட்சிசுந்தரம் என்று மட்டும் எழுதி ஒரு கடிதம் போட்டால் போய்ச் சேருமா? தெருவையும் சேர்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். ஜேவிஎம்முக்கும் கிளாஸின் பெயரும் அதை ஏற்றிய லோடரும் சேர்ந்தால்தான் அடையாளம். ஒரே ஜார் கோப்பிலிருந்து இரண்டு லோடர்கள் ஒரே கிளாஸைத் தனித்தனியே ஏற்றினால், ஜேவிஎம் கணக்கில் அவை இரண்டு வேறு வகைகள். ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சொன்னால் மறுத்துவிடும். இதைப் புரிந்துகொண்ட பையன் அந்தப் பிழையைப் பார்த்ததும் "இந்த ஜார் எந்தெந்த பண்டிலுக்குள் இருக்கிறது?" என்று தேடத் தொடங்குவான். புரியாதவன் சர்வரை மறுபடி மறுபடி நிறுத்தி ஓட்டிக்கொண்டிருப்பான். அப்படி நிறுத்தி ஓட்டியே பகல் முழுவதையும் கழித்தவர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவர்களிடம் எதிர்பார்த்ததுதான் அநியாயம்.

இதைச் சொன்னால் சில பயிற்சியாளர்கள், "அதெல்லாம் சீனியர்கள் பார்க்க வேண்டியது, பிள்ளைகளுக்கு எதற்கு?" என்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் இதைக் கல்லூரியிலேயே தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ஜாவா லேபில் டேட்டாபேஸ் பயிற்சி நினைவிருக்கும். ரெக்கார்ட் நோட்டில் "கிளாஸ் டாட் ஃபார்நேம்" என்று தொடங்கி மைஎஸ்க்யூஎல் டிரைவரின் பெயரை எழுதிய அந்த வரி நினைவிருக்கும். ஏன் அந்த வரி என்று யாராவது கேட்டோமா? அது டிரைவர் கிளாஸை ஏற்றச் சொல்கிறது. ஏறும்போது அந்த கிளாஸின் ஸ்டாட்டிக் பகுதி ஓடி, டிரைவர் மேனேஜரிடம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. அவ்வளவுதான். 2006இல் ஜாவா 6-ஓடு வந்த ஜேடிபிசி 4.0 இந்தப் பதிவைத் தானாகவே நடக்கும்படி செய்துவிட்டதால், சாதாரண நிரல்களில் அந்த வரிக்கு இன்று தேவை இல்லை. ஆனாலும் ரெக்கார்ட் நோட்டுகளில் அது ஆண்டுதோறும் படியெடுக்கப்படுகிறது. அந்த ஒரு வரியை ஆசிரியர் பத்து நிமிடம் நிறுத்தி விளக்கினால் கிளாஸ் லோடிங்கின் கதவு அங்கேயே திறந்துவிடும்.

தெரியாமல் இருந்தால் ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு 2021 டிசம்பர் ஒரு சாட்சி. லாக்4ஜே என்ற நூலகத்தில் வெளிவந்த ஓட்டையை லாக்4ஷெல் என்றார்கள். லாக்கில் எழுதப்போகும் ஒரு சொற்றொடருக்குள் வெளியாள் ஒருவன் ஒரு முகவரியை ஒளித்து அனுப்ப, நிரல் அந்த முகவரிக்குப் போய் அவன் வைத்திருக்கும் கிளாஸை ஏற்றி ஓட்டிவிடக்கூடிய நிலை. உலகம் முழுக்க ஜாவா மென்பொருள் வைத்திருந்தவர்கள் அந்த மாதம் தூங்கவில்லை. எங்கள் ஜார்களுக்குள் எந்தப் பதிப்பு, எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அன்று தேவைப்பட்டார்கள். டயலாக் மட்டும் செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

ஒற்றை மென்பொருளை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அவற்றின் கைமாற்றம். டாக்குமென்டம் 1990இல் தனிக் கம்பெனியாகத் தொடங்கியது. 2003இல் இஎம்சி வாங்கியது. 2017இல் ஓப்பன்டெக்ஸ்டுக்குப் போனது. ஃபைல்நெட்டை 2006இல் ஐபிஎம் வாங்கியது. ஒரு காலத்தில் செய்தித் தளங்களை எல்லாம் ஓட்டிக்கொண்டிருந்த விக்னெட் 2009இல் ஓப்பன்டெக்ஸ்டிடம் சேர்ந்து, இன்று அந்தப் பெயரே மாணவர்களுக்குத் தெரியாது. 2005இல் தொடங்கிய ஆல்ஃப்ரெஸ்கோ 2020இல் ஹைலண்டிடம் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் திரைகள் மாறும், பெயர்கள் மாறும், சான்றிதழ்கள் செல்லாமல் போகும். அடியில் ஜாவா தெரிந்தவர்கள் அடுத்த மென்பொருளுக்கு மாறிக்கொண்டார்கள். இவற்றில் சிலவற்றை நானே கடந்து வந்திருக்கிறேன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஏஇஎம்முக்குள்ளேயே இப்போது எட்ஜ் டெலிவரி சர்வீசஸ் என்று ஒரு வழி வந்திருக்கிறது. வேர்ட் கோப்பிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதியதை எடுத்து, வெறும் ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் கொண்டு பக்கமாக்கும் முறை. அதைச் செய்கிறவருக்கு எச்டிஎல் வேண்டாம், ஸ்லிங் மாடல் வேண்டாம். மூன்று மாதத்தில் மனப்பாடம் செய்தது பெரும்பாலும் அங்கே உதவாது. அதே கம்பெனியின் பழைய வழியில் தங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 6.5 பதிப்பு ஜாவா 8, 11 ஆகியவற்றில் ஓடியது; 2025இல் வந்த அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஜாவா 17 அல்லது 21 கேட்கிறது. இந்த மாற்றத்தின்போது எது உடையும், ஏன் உடையும் என்று சொல்ல முடிந்தவர்களை எந்த நிறுவனமும் வெளியே அனுப்பாது.

இனி என் சொந்தச் சாய்வைச் சொல்கிறேன். உள்ளடக்க மேலாண்மை உலகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது டிஸ்பேஸ். அமெரிக்காவின் எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள்; ஜாவா. ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து ஆள்வதற்கானது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இதன் மேல்தான் ஓடுகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் அதை நடத்துகிறது. நாகமலைப் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அதில் இருக்கின்றன. ஆக, இந்தத் துறை அயல்நாட்டு வங்கிகளுக்கு மட்டும் சொந்தமானது என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. தங்கள் பேராசிரியரின் ஆய்வேடு எந்த மென்பொருளில் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும்.

டிஸ்பேஸை உங்கள் கணினியில் நிறுவிப் பாருங்கள். முதல் நாளிலேயே நான் மேலே சொன்ன பாடம் வந்து நிற்கும். டிஸ்பேஸ் 7-ஐக் கொண்டுபோய் டாம்கேட் 10-இல் வழக்கம்போல் வைத்தால் ஓடாது. காரணம், ஜாவாவின் நிறுவனப் பதிப்பு ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது பேக்கேஜ் பெயர்கள் "ஜாவாஎக்ஸ்" என்பதிலிருந்து "ஜகார்த்தா" என்று மாறின. டாம்கேட் 10 புதிய பெயரைத் தேடுகிறது, டிஸ்பேஸ் 7 பழைய பெயரைக் கேட்கிறது. டாம்கேட் 9-இல் வைத்தால் ஓடும். ஏன் என்று உட்கார்ந்து கண்டுபிடித்த பையன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வது, அந்த மூன்று மாத கோர்ஸில் கிடைக்காது. உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய வினாத்தாள்களையும் புராஜெக்ட் அறிக்கைகளையும் வைக்க ஒரு டிஸ்பேஸ் அமைத்துக் கொடுத்தால், அது எந்தச் சான்றிதழையும்விட இன்டர்வியூவில் அதிகம் பேசும்.

அடித்தளம் கற்பதற்குப் பெரிய செலவு கிடையாது. என்பிடெல்லில் ஜாவாவுக்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் ஜாவா பாடத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஆங்கிலம் தடையாக இருப்பவர்களுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ் ஒலியிலேயே ஜாவா சொல்லித்தருகிறது. வீட்டில் இடமில்லை, கரண்ட் இல்லை என்பவர்களுக்கு 2023 ஜூலையில் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்து பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

சோழவந்தான் பக்கமிருந்து ஒரு விவசாயி மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "சார், இதுக்குப் பணம் கட்டிட்டா வேலை நிச்சயம்ங்கிறாங்க. நெல்லு வித்த காசு கையில இருக்கு. கட்டிரட்டுமா?" என்றார். நான் மகனைப் பார்த்து, "தம்பி, உனக்கு இதுல என்னப்பா பிடிக்கும்?" என்று கேட்டேன். "அவனுக்கு எல்லாம் பிடிக்கும் சார்" என்று அப்பாவே பதில் சொன்னார். கொஞ்ச நேரம் பொறுத்து அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான்: "லேப்ல யாருக்கு எரர் வந்தாலும் என்னையத்தான் சார் கூப்பிடுவாங்க." அந்தத் தகவல் அவன் மார்க் ஷீட்டில் இல்லை, அவன் அப்பாவுக்கும் தெரியாது. அடுத்தவர் பிழையின் முன் அலுக்காமல் உட்காருகிற குணம்தான் இந்தத் தொழிலுக்கு மூலதனம். அது இருக்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் வீட்டில் சோறு போட்டு ஜாவா படிக்க விடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். நெல் விற்ற காசில் ஒரு லேப்டாப் வாங்கினால் போதும்.

பொறுமை என்பதை இங்கே நான் திட்டவட்டமான பொருளில் சொல்கிறேன். ஜாவா பிழை காட்டும்போது திரை முழுக்க ஐம்பது, நூறு வரிகள் கொட்டும். பெரும்பாலோர் முதல் வரியைப் படித்துவிட்டு அதை அப்படியே கூகுளிலோ ஏஐயிடமோ ஒட்டுகிறார்கள். கீழே இறங்கி, "காஸ்டு பை" என்று தொடங்கும் கடைசி இடம்வரை படிக்கிறவர் குறைவு. உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஏஐ வந்துவிட்டதே, இதெல்லாம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் சர்வரில் எந்த ஜார் எந்த லோடரிடம் இருக்கிறது என்பது ஏஐக்கு நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் தெரியும். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால்தான் சொல்லவும் முடியும். இந்த வாசிப்பு எல்லோருக்கும் பிடித்தமானது இல்லை. பிடிக்காவிட்டால் குறை ஒன்றும் இல்லை, வேறு வழிகள் எத்தனையோ உண்டு. பிடிக்காத ஒன்றில் பிள்ளையைக் கட்டிப்போடுவதைத்தான் பெற்றோர் தவிர்க்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் பொறியியல் படித்தாலும் சரி, உசிலம்பட்டியில் பிஎஸ்சி படித்தாலும் சரி, இந்தக் குணம் கல்லூரியின் பெயரைப் பார்த்து வருவதில்லை.

தனக்கு இது ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு பயிற்சிகள். நீங்கள் எழுதிய மிகச் சிறிய ஜாவா நிரலை "வெர்போஸ் கிளாஸ்" என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஒரு வரி வணக்கம் சொல்லும் நிரலுக்கும் நூற்றுக்கணக்கான கிளாஸ்கள் ஏறுவது வரிசையாகத் தெரியும். அந்தப் பட்டியலைப் பார்த்து "இத்தனை எதற்கு?" என்று ஆவல் வந்தால் நல்ல அறிகுறி. அடுத்தது, ஒரு ஜார் கோப்பை இரண்டு யுஆர்எல் கிளாஸ் லோடர்களால் தனித்தனியே ஏற்றி, ஒன்றில் உருவாக்கிய ஆப்ஜெக்டின் கிளாஸும் மற்றொன்றில் ஏறிய கிளாஸும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு லோடருக்கும் பேரன்டாக நல் கொடுக்க மறக்காதீர்கள்; மறந்தால் இரண்டும் மேலே கேட்டு ஒரே கிளாஸை வாங்கிவந்துவிடலாம். இந்த இரண்டையும் செய்து முடித்து, சர்வ்லெட்டும் ஸ்பிரிங்கும் மேவனும் கைக்குப் பழகிய பிறகு ஏஇஎம் படிக்கப் போங்கள். அப்போது அது மூன்று வாரத்துப் பாடமாகச் சுருங்கிவிடும்.

ஏற்கெனவே கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம், விட்டுவிட்டு வரவும் வேண்டாம். ஏஇஎம்முக்கு லைசென்ஸ் வேண்டும். தனியாளுக்கு அது கிடைப்பது கடினம். பயிற்சி நிலையத்தின் கணினியில் அது கையில் இருக்கிற வரைக்கும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 4502 போர்ட்டில் ஓடும் ஆதர் சர்வரில் சிஸ்டம் கன்சோலைத் திறந்து பண்டில் பட்டியலைத் தினமும் பாருங்கள். உங்கள் பண்டிலின் மேனிஃபெஸ்டில், எந்த பண்டிலும் வெளியே கொடுக்காத ஒரு பேக்கேஜை வேண்டுமென்றே கேட்டு, அது எழுந்திருக்க மறுப்பதைப் பாருங்கள், பிறகு சரிசெய்யுங்கள். பயிற்சியாளரிடம் ஏன் என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் அவருக்கும் சந்தோஷம்தான். கோர்ஸ் முடிந்து அந்தக் கணினி கையைவிட்டுப் போனதும் அப்பாச்சி ஸ்லிங்கை உங்கள் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். அதே ஃபெலிக்ஸ், அதே கன்சோல், அதே பண்டில்கள், 8080 போர்ட்டில் இருக்கும், லைசென்ஸ் கேட்காது.